சர்க்கரை இல்லாத பார்பிக்யூ சிக்கன்: ஸ்லோ குக்கருக்கு எந்த ஊர் சாஸ் பொருந்தும்?

பார்பிக்யூ சிக்கன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அடர்சிவப்பில் பளபளக்கும் இனிப்பு சாஸ்தான். அது அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி பாணி. தக்காளி, மொலாசஸ் (கரும்புப் பாகு), பிரவுன் சுகர் இல்லாமல் அது இல்லை. கடையில் கிடைக்கும் இனிப்பு சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் இரண்டு டேபிள்ஸ்பூனுக்கே 15 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து இருக்கும், அதில் பெரும்பகுதி சர்க்கரை. கீட்டோ போன்ற உணவுமுறையில் நாளுக்கு 20, 30 கிராம் மாவுச்சத்துக்குள் நிற்கப் பார்ப்பவருக்கு அந்த இரண்டு ஸ்பூனிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

சரி, சர்க்கரைக்குப் பதில் ஏதாவது மாற்று இனிப்பைப் போட்டு அதே சாஸைச் செய்துவிடலாம் என்றுதான் பெரும்பாலானோர் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சர்க்கரையை நம்பாத பார்பிக்யூ சாஸ்கள் அமெரிக்காவிலேயே உண்டு. ஸ்லோ குக்கர், அதாவது மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரச் சட்டி என்று வந்துவிட்டால் அவைதான் முந்துகின்றன.

காரணம் குக்கர் வேலை செய்யும் விதம். 1971-இல் ரைவல் நிறுவனம் 'கிராக்-பாட்' என்று சந்தைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. 'லோ', 'ஹை' இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான் போய் நிற்கும், போய்ச் சேரும் வேகம்தான் வேறு. மூடி போட்டே இருப்பதால் நீர் வற்றாது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாவிட்டாலும், கோழி விடும் நீரிலேயே சாஸ் தளர்ந்துவிடும். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. கிரில்லில் சர்க்கரைக்கு ஒரு வேலை இருக்கிறது: சூட்டில் பழுத்து, லேசாகக் கருகி, தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரமான சட்டிக்குள் அதற்கு வழியே இல்லை. இனிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

இருந்தாலும் கான்சாஸ் நகல்தான் வேண்டும் என்பவர்கள் கெச்சப்பை விட்டுவிட்டு டொமேட்டோ பேஸ்ட் வாங்குங்கள். ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 3 கிராம் மாவுச்சத்துதான். அதோடு ஆப்பிள் சைடர் வினிகர், ஸ்மோக்டு பாப்ரிகா (புகையூட்டிய மிளகாய்ப் பொடி), பூண்டுப் பொடி. இனிப்புக்கு எரித்ரிட்டால் போட்டால் நாக்கில் ஒரு குளிர்ச்சி தங்கும், மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் நறநறவென்று படிகம் கட்டும். அல்லுலோஸ் இதைவிட எவ்வளவோ தேவலை. சர்க்கரையில் சுமார் 70 சதவீத இனிப்பு, சூட்டில் நன்றாகச் சிவக்கவும் செய்யும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இலிருந்து அதை லேபிளில் சர்க்கரைக் கணக்கில் சேர்க்காமல் விட அனுமதிக்கிறது. ஆனால் மொத்த மாவுச்சத்து எண்ணில் அது சேர்ந்தே இருக்கும். எண்ணைப் பார்த்துப் பயந்து பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடாதீர்கள்.

அடுத்தது தென் கரோலினாவின் கடுகு சாஸ். அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் வழியாக வந்தது என்பார்கள். மஞ்சள் மஸ்டர்டும் வினிகரும்தான் அதன் உயிர். அதில் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம்தான், எடுத்துவிட்டாலும் சாஸ் விழுந்துவிடாது. ஒரே குறை, மணிக்கணக்கில் வெந்தால் கடுகின் காரம் அடங்கிவிடும். பாதியைத் தொடக்கத்திலும் மீதியைப் பரிமாறும் முன்பும் சேர்த்தால் போதும்.

நான் முதலிடம் கொடுப்பது வட கரோலினாவின் கிழக்குப் பகுதி சாஸுக்கு. வினிகர், உப்பு, மிளகாய்த் துகள், மிளகு, அவ்வளவுதான். தக்காளிகூடக் கிடையாது, கெச்சப் சேர்ப்பது மேற்கே லெக்சிங்டன் பக்கத்து வழக்கம். முழுப் பன்றியை வாட்டி, கொத்திப் பிசறுவதற்கான சாஸ் இது. கோழிக்கும் அப்படியே பொருந்தும். ஒரு கிலோ எலும்பில்லாத தொடைக்கறிக்கு அரை கப் சைடர் வினிகர், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் மிளகாய்த் துகள், ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள். 'லோ'வில் நான்கிலிருந்து ஐந்து மணி நேரம். மூடியைத் திறக்கும்போது சாறு தண்ணியாகத்தான் தெரியும். பதற வேண்டாம். இரண்டு முள்கரண்டியால் கறியை அந்தச் சாறிலேயே நார்நாராகப் பிய்த்துப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். நார்கள் சாறை இழுத்துக்கொள்ளும், சட்டியின் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சும். கான்சாஸ் சாஸ் தளர்ந்தால் சுவையும் போகும், இதுவோ தளர்ந்தே இருக்க வேண்டிய சாஸ். மாவுச்சத்து கிட்டத்தட்ட பூஜ்யம்.

கோழிக்கென்றே பிறந்தது என்றால் அது அலபாமாவின் வெள்ளை சாஸ்தான். டிகேட்டர் ஊரில் பிக் பாப் கிப்சன் 1925-இல் தொடங்கியது என்று சொல்லப்படுவது. மயோனைஸ், வினிகர், மிளகு. புகையில் வெந்த கோழியை முழுசாக இந்தச் சாஸில் முக்கி எடுப்பார்கள். சர்க்கரை சேர்க்காத மயோனைஸாகப் பார்த்து வாங்கினால் கணக்கில் கவலையே இல்லை. ஆனால் இதைக் குக்கருக்குள் ஊற்றக் கூடாது. நீண்ட நேரச் சூட்டில் மயோனைஸ் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். அதனால் கரோலினா வினிகரில் வேகவைத்து, தட்டில் வைத்த பிறகு அலபாமா சாஸை மேலே ஊற்றிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த வழி. புளிப்பும் கொழுப்பும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும்.

தொடையா, நெஞ்சுக்கறியா என்ற கேள்வி எல்லா சாஸுக்கும் பொது. தொடைதான். பாதுகாப்புக்கு 74 டிகிரி செல்சியஸ் உள்சூடு போதும் என்றாலும், தொடை 85 டிகிரி தாண்டியும் இளகிக்கொண்டே போகும். நெஞ்சுக்கறி அதற்குள் பஞ்சாகிவிடும். அதுதான் இருக்கிறது என்றால் 'லோ'வில் இரண்டரை மணி நேரத்திலேயே தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். எந்தக் கறியானாலும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு போட வேண்டாம். குக்கர் மெல்லச் சூடாவதால் அது ஆபத்தான வெப்பநிலையில் அதிக நேரம் கிடக்கும்.

அப்புறம் அந்த நெருப்பு வாசனை. பிய்த்த கறியைத் தட்டில் பரப்பி, ஓவனில் மேலிருந்து அனல் வரும் பிராய்லரின் கீழே நான்கைந்து நிமிடம் காட்டினால் ஓரங்கள் கருகி மொறுமொறுக்கும். அல்லுலோஸ் சேர்த்திருந்தால் அங்கேயே நின்று பார்க்க வேண்டும், சட்டென்று கறுத்துவிடும். புகை மணத்துக்கு அரை டீஸ்பூன் லிக்விட் ஸ்மோக் (பாட்டிலில் விற்கும் புகைச்சாறு) போதும், கூடினால் கசக்கும். கான்சாஸ் நகலைக் கெட்டியாக்க கார்ன்ஃப்ளாருக்குப் பதில் கால் டீஸ்பூன் சாந்தன் கம்மை எண்ணெயில் குழைத்துச் சேருங்கள்.

குழந்தைகள் இருக்கிற வீட்டில் அல்லுலோஸ் போட்ட கான்சாஸ் நகல்தான் எளிதில் செல்லுபடியாகும். பெரியவர்கள் மட்டும் என்றால் நான் வினிகர் பக்கம்தான். மிச்சம் வைப்பதாக இருந்தால் கறியும் வெள்ளை சாஸும் தனித்தனி டப்பாவில் இருக்கட்டும், சூடு பண்ணுவது கறியை மட்டும்.