பணம் எங்கே போயிற்று என்று கேட்க மூன்று வழிகள்: பஹாமாஸ் கணக்கு

பஹாமாஸ் நாட்டில் தனிநபர் வருமான வரி கிடையாது. சம்பளத்தில் தேசியக் காப்பீட்டுக்கான பிடித்தம் போக மீதி கைக்கு வந்துவிடும். இறக்குமதிச் சுங்கமோ பொருளின் விலைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆகவே அரசுக்குத் தான் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை தலைநகர் நசாவின் குடிமகன் கண்ணால் பார்க்கும் இடம், கடைப் பில்லில் மொத்தத் தொகைக்கு மேலே இருக்கும் அந்த ஒரு வரிதான். மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட், 2015 ஜனவரி 1 அன்று 7.5 சதவீதமாக வந்தது. 2018 ஜூலையில் 12 ஆக ஏறியது. 2022 ஜனவரியில் 10 ஆக இறங்கியது. 100 டாலர் சாமானுக்கு முதலில் 107.50, பிறகு 112, அதன்பின் 110 டாலர். வீதத்தைக் குறைத்த அதே நாளில், 2018 முதல் வரியில்லாமல் இருந்த அரிசி, மாவு போன்ற அடிப்படை உணவுப் பொருள்கள்மீது 10 சதவீதம் விழுந்ததால், ஏழை வீட்டுப் பில் அந்த மாதம் குறைந்திருக்க வாய்ப்பில்லை. சமைக்காத உணவுக்கு 5 சதவீதம் என்ற சலுகை 2025 ஏப்ரலில்தான் வந்தது.

வரி கண்ணுக்குத் தெரிந்தால் கேள்வியும் எழும். 2017 மே மாதத் தேர்தலுக்கு முன் நாடு முழுவதும் ஒலித்த கேள்வி ‘வாட் பணம் எங்கே போயிற்று?’ என்பது. அதைக் கேட்ட கட்சி 39 இடங்களில் 35ஐ வென்றது. ஓராண்டு கழித்து, முந்தைய அரசு விட்டுச்சென்ற பாக்கிகளைக் காரணம் காட்டி, அதே வரியை 12 சதவீதமாக உயர்த்தியது. உண்மையைச் சொன்னால், கேள்வியே சற்றுப் பிசகானது. வாட் பணத்துக்குத் தனி உண்டியல் எதுவும் கிடையாது. எல்லா வருவாயோடும் சேர்ந்து அது ஒருங்கிணைந்த நிதியில் கலந்துவிடுகிறது. ஆற்றில் கலந்த பிறகு எந்தத் துளி எந்த வாய்க்காலில் போயிற்று என்று யாராலும் காட்ட முடியாது. ஆனால் வாய்க்கால்களைக் காட்ட முடியும்: எந்த ஒப்பந்தம், யாருக்கு, எவ்வளவு, எப்போது. அதைக் காட்டவைக்க அந்த நாட்டில் மூன்று கருவிகள் உண்டு. அவை தணிக்கை, தகவல் அறியும் உரிமை, கொள்முதல் விவரங்களை அரசே முன்வந்து வெளியிடுதல். மூன்றில் ஒன்றை மட்டும் ஒழுங்காக ஓட வைக்கலாம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இந்த அலசல்.

தணிக்கை மூன்றிலும் மூத்தது. அரசமைப்பின் பாதுகாப்புப் பெற்றது. தலைமைத் தணிக்கையாளரை அமைச்சர் ஒருவர் நினைத்தபோது வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவர் கையில் ரசீதுகளும் கோப்புகளும் இருப்பதால், அவர் சொல்வதற்கு வேறு எந்தக் குரலுக்கும் இல்லாத கனம் உண்டு. 2015இல் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின்கீழ் நடந்த சிறு வீடுகள் பழுதுபார்ப்புப் பணிகளைத் தணிக்கை செய்தபோது, முடியாத வேலைகளுக்கும் பணம் கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆனால் நாடாளுமன்றத்தில் சூடு பிடித்த விவாதம் அந்த வீடுகளைப் பற்றியதாக இல்லை; அறிக்கை எந்த வழியாக அவைக்கு வந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவருக்கு அந்த விவாதத்தால் என்ன பயன்?

தணிக்கையின் பெரிய குறை காலம். செலவாகி, ஆண்டு முடிந்து, கணக்கு மூடப்பட்டு, அறிக்கை எழுதி முடிக்கப்படும்போது ஒப்பந்ததாரரும் அமைச்சரும் வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள். இன்னொரு குறையை யாரும் அதிகம் பேசுவதில்லை. தணிக்கை அறிக்கையை எடுத்து விசாரிக்க வேண்டிய பொதுக் கணக்குக் குழு எதிர்க்கட்சியின் தலைமையில் இயங்குவது. ஆனால் பஹாமாஸ் வாக்காளர்கள் ஆளும் கட்சியைத் தூக்கி எறியும்போது அடியோடு எறிகிறார்கள். 2017இல் எதிர்க்கட்சிக்குக் கிடைத்தவை 4 இடங்கள், 2021இல் 7. அத்தனை துறைகளின் கணக்கையும் தொகுதி வேலைக்கு நடுவே புரட்டிப் பார்க்க நான்கு பேரால் எப்படி முடியும்? அரசின் பலம் கூடக் கூட, அதைக் கேள்வி கேட்க வேண்டிய குழுவின் கைகள் குறைந்துகொண்டே போகும்படியான அமைப்பு இது.

தகவல் அறியும் உரிமை இந்தத் தடையைத் தாண்டிவிடும் என்று தோன்றும், ஏனெனில் அதற்கு உறுப்பினர்கள் வேண்டாம். ஒரு குடிமகனும் ஒரு விண்ணப்பமும் போதும். சட்டம் 2012இல் ஒருமுறை நிறைவேறி, நடைமுறைக்கு வராமலே போனது. 2017இல் புதிதாக ஒன்று நிறைவேறியது. 2021இல் ஆணையர் நியமிக்கப்பட்டார். அதன் பிறகும் குடிமகன் விண்ணப்பம் கொடுத்துப் பதில் பெறும் நாள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று.

அந்தத் தாமதம் நாளை நீங்கினாலும், இந்தக் கருவி அங்கே தனியாகப் போதாது என்பது என் எண்ணம். ஏறத்தாழ 4 லட்சம் மக்கள், அவர்களில் பெரும்பாலோர் நியூ பிராவிடன்ஸ் என்ற ஒரே தீவில். அரசே பெரிய முதலாளி. அமைச்சகத்தில் எழுத்தராக இருப்பவர் பெரியம்மா மகனாக இருப்பார். ஒப்பந்தம் எடுத்தவர் அதே தேவாலயத்தில் முன்வரிசையில் அமர்பவராக இருப்பார். அப்படிப்பட்ட ஊரில் தன் பெயரையும் முகவரியையும் எழுதி, ‘இந்தப் பணத்துக்குக் கணக்குக் காட்டுங்கள்’ என்று விண்ணப்பம் கொடுப்பதற்குத் தைரியம் வேண்டும். மகளுக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைக்க வேண்டியிருக்கும் தகப்பன் அந்தப் படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வரக்கூடும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது கருவிக்கு இந்தத் தைரியம் தேவையில்லை. 2021 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த பொதுக் கொள்முதல் சட்டம், கொடுக்கப்பட்ட ஒப்பந்தங்களின் விவரத்தை 60 நாள்களுக்குள் அரசே வெளியிட வேண்டும் என்றது. யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்டவர் யார் என்று யாரும் தேட வேண்டியதுமில்லை. ‘குடும்பத் தீவுகள்’ என்று அவர்கள் அழைக்கும் தொலைதீவுகளில் ஒன்றான ஆக்லின்ஸை எடுத்துக்கொள்வோம். தபால் படகு வந்து நிற்கும் துறையைப் பழுதுபார்க்க ஒப்பந்தம் கொடுத்தாயிற்று என்றால், நிறுவனத்தின் பெயர், தொகை, முடிக்க வேண்டிய தேதி ஆகிய மூன்றும் கைப்பேசியில் தெரிந்தால் போதும். படகுக்காகக் காத்து நிற்கும் எவரும் உடைந்த பலகையைப் பார்த்துத் தாமே தணிக்கை செய்துவிடுவார். நசாவிலிருந்து தணிக்கையாளர் விமானம் ஏறி வர வேண்டியதில்லை.

அந்தச் சட்டம் என்ன ஆயிற்று? நடைமுறைக்கு வந்த 15 நாள்களில், செப்டம்பர் 16 அன்று, தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. சட்டம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று புதிய அரசு கூறி, 2023இல் வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. சிறு ஒப்பந்தங்களுக்கும் பெரிய டெண்டருக்கும் ஒரே நடைமுறை என்றால் தொலைதீவின் சிறு மேஸ்திரிக்குச் சிரமம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அது டெண்டர் முறையைப் பற்றிய வாதம். பெயரையும் தொகையையும் வெளியிடுவதில் மேஸ்திரிக்கு என்ன சிரமம்? தேதிகளை அடுக்கிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. 2012 தகவல் சட்டம், 2017 தகவல் சட்டம், 2021 கொள்முதல் சட்டம் ஆகிய மூன்றுமே தேர்தல் நெருங்கும் வேளையில் வந்தவை. மூன்று தேர்தல்களிலும் கொண்டுவந்த அரசு தோற்றது. வெளிப்படைத்தன்மையின் பாரத்தைத் தான் சுமக்காமல் அடுத்தவர் தோளில் வைத்துவிட்டுப் போவது இரு கட்சிகளுக்கும் பழகிப்போன காரியம்.

மூன்றையும் ஒரே நிகழ்வில் வைத்துப் பார்க்கலாம். கிராண்ட் பஹாமா தீவின் ஃப்ரீபோர்ட்டில் உள்ள கிராண்ட் லூகாயன் விடுதி, 2016 மேத்யூ புயலுக்குப் பின் பெருமளவு மூடிக்கிடந்தது. ஊழியர்களின் வேலையைக் காக்கவும் தீவின் சுற்றுலாவைத் தூக்கி நிறுத்தவும் என்று சொல்லி, 2018இல் அரசு அதை 6.5 கோடி டாலருக்கு வாங்கியது. சீக்கிரம் விற்றுவிடுவதாகத்தான் திட்டம். 2019இல் டோரியன் புயல், அடுத்த ஆண்டு பெருந்தொற்று. வாங்க வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கைநழுவினார்கள். 2025இல்தான் 12 கோடி டாலருக்கு விற்பனை உடன்பாடு அறிவிக்கப்பட்டது.

இங்கே என் விருப்பக் கருவி முதலில் தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விடுதியை வாங்கியது டெண்டர் விட்டுச் செய்யும் கொள்முதல் அன்று; அமைச்சரவை எடுத்த முடிவு. எந்த மதிப்பீட்டின்பேரில் அந்த விலை ஒப்புக்கொள்ளப்பட்டது, விற்க முடியாவிட்டால் என்ன என்று யாராவது கேட்டார்களா என்பவை ஒப்பந்தப் பட்டியலில் வராது. அதற்குத் தகவல் உரிமைதான் வழி, அதுவும் அமைச்சரவை ரகசியம் என்ற சுவர் குறுக்கே நிற்கும். எனவே அரிதாக நடக்கும் பெரிய முடிவுகளுக்குத் தகவல் உரிமை; அன்றாடம் நடக்கும் ஆயிரம் சிறு செலவுகளுக்கு முன்வந்து வெளியிடுதல் என்பதே என் முடிவு. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் வெளியிடுதலையே எடுப்பேன். மேசைமேல் கிடக்கும் பட்டியலைப் படிக்க யாருக்கும் தைரியம் வேண்டாம் என்பதோடு, அதில் தென்படும் ஓட்டைகள்தாம் விண்ணப்பம் எழுதுபவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும்.

கடன் கொடுத்தவர்களுக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் 8.95 சதவீத வட்டிக்கு 60 கோடி டாலர் கடன் பத்திரம் விற்றபோது, நாட்டின் நிதி நிலையை விளக்கும் தடித்த ஆவணம் முதலீட்டாளர்களுக்காகத் தயாரானது. வட்டியைக் கடைப் பில்லின் வழியாகக் கட்டுபவருக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

விடுதிக்கு வருவோம். 6.5 கோடிக்கு வாங்கி 12 கோடிக்கு விற்பது என்றால் 5.5 கோடி லாபம் என்று மேடையில் சொல்லிவிடலாம். ஏறத்தாழ ஏழு ஆண்டுகளின் சம்பளம், காப்பீடு, மின் கட்டணம், பராமரிப்பு ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது லாபமா நஷ்டமா என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஃப்ரீபோர்ட் குடிமகன், ஒவ்வோர் ஆண்டின் பட்ஜெட் புத்தகத்தையும் விரித்து, மானியங்களின் நடுவே இந்த விடுதிக்குரிய தொகையைத் தேடி, தாமே தாளில் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.