இன்று ரொக்கம், நாளை கடன்: முறிகண்டிக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடை

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் ஒரு பையும் வாங்கிக்கொண்டு வாகனத்தில் ஏறினவர்கள் பிறகு கிளிநொச்சி வரைக்கும் எங்கும் நிற்க மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் நான் சொல்லப்போகிற கடை இருக்கிறது. ஏ9 வீதியில் வடக்கே போகும்போது இடது கைப்பக்கம், ஒரு பாலை மரத்துக்குக் கீழே, தகரக் கூரை, நாலு வாங்கு, பெயர்ப்பலகை கிடையாது. அடையாளம் வேண்டுமென்றால், வாசலில் எப்போதும் ஒரு ஓட்டோ நிற்கும், அதன் சொந்தக்காரர் உள்ளே இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார், ஓடுவதை நான் அதிகம் கண்டதில்லை. உள்ளே சுவரில் ஒரேயொரு அட்டை, நீலப் பேனையால் எழுதினது: "இன்று ரொக்கம், நாளை கடன்."

முதலில் தேத்தண்ணியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. இங்கே பால்மா இல்லை. 2022இல் பால்மாவுக்கு நாடே வரிசையில் நின்ற நேரம் அடுத்த வளவு மாட்டுப் பாலுக்கு மாறினதாம், பிறகு பால்மா கடைகளுக்குத் திரும்பி வந்தும் கடைக்காரத் தங்கச்சி திரும்பிப் போகவில்லை. பிளாஸ்கில் போட்டு வைத்து ஊற்றுகிற பழக்கமும் இல்லை. கேட்ட பிறகுதான் சாயம் வடித்து, பால் விட்டு, இரண்டு பேணிக்கு இடையில் நாலைந்து தரம் இழுத்து ஆற்றி, நுரையோடு கிளாஸை வைப்பார். சீனி மட்டும் தாராளம். என்னைப்போல் சீனி வருத்தக்காரர் முதலே சொல்லிவிட வேண்டும், சொன்னால் வெறும் தேத்தண்ணியும் கடிக்கப் பனங்கட்டித் துண்டு ஒன்றும் வரும், அதுவும் கூடாதுதான், ஆனால் யார் கேட்கிறார்கள். உழுந்து வடை காலை ஏழரைக்குள் போனால் அருமை, பத்து மணிக்குப் போனால் எண்ணெய் குடித்துக் கிடக்கும். குரக்கன் புட்டும் கட்டைச் சம்பலும் காலையில் மட்டும். சனிக்கிழமைகளில் சட்டித் தயிர் வரும், எருமைத் தயிர், கரண்டியைக் குத்தினால் நிற்கும்.

குறையும் இருக்கிறது. ஈ. வாங்கில் ஒன்று ஆடும், கால் நீட்டி உட்கார்ந்தால் விழ வாய்ப்புண்டு. கழிப்பறை இல்லை, அதைக் கோயிலடியிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். றேடியோ சத்தம் காதைப் பிளக்கும், குறைக்கச் சொன்னால் குறைப்பார், ஐந்து நிமிடத்தில் தானாகக் கூடிவிடும்.

சரி, ஒரு தேத்தண்ணிக் கடைக்கு இவ்வளவு எழுதுவானேன் என்று கேட்டால், காரணம் அந்த அட்டைதான்.

எனக்கு வயது 68. கனகராயன்குளத்துப் பக்கம் பிறந்து, 1979இல் படிக்கவென்று அமெரிக்கா போய், ஒஹையோ மாநிலத்தில் பிள்ளை குட்டி பெற்று, வேலை செய்து ஓய்வெடுத்து, இப்போது வருடத்தில் ஐந்து மாதம் இங்கே கிடக்கிறேன். அரசியலில் நான் பழமைவாதி, ஒளிக்க ஒன்றுமில்லை. அரசாங்கம் சின்னதாக இருக்க வேணும், வரவுக்குள் செலவு செய்ய வேணும், குடும்பத்தைக் குடும்பம் பார்க்க வேணும் என்று நம்பி, குடியுரிமை கிடைத்த அடுத்த வருடமே குடியரசுக் கட்சிக்கு வாக்குப் போட்டவன். அது 1988. "என் உதட்டைப் பாருங்கள், புதிய வரி கிடையாது" என்று எங்கள் வேட்பாளர் அப்பா புஷ் மேடையில் சொன்னதை நான் அப்படியே நம்பினேன், உதட்டைத்தான் பார்த்தேன். 1990இல் வரி ஏறியது. அந்தக் கோபத்தில் 1992இல் றொஸ் பெரோவுக்குப் போட்டேன். கட்சியும் இல்லாமல் வரைபடங்களைத் தொலைக்காட்சியில் காட்டிக் காட்டிக் கடன் கணக்குச் சொன்ன அந்த மனிதருக்குக் கிட்டத்தட்ட 19 வீத வாக்கு விழுந்தது, ஆனால் மாநிலம் மாநிலமாக எண்ணி ஜனாதிபதியைத் தீர்மானிக்கிற தேர்வாளர் வாக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பிறகு புத்தி வந்து, அல்லது கெட்டு, மறுபடி கட்சிக்கே திரும்பினேன். 2016இலும் அதற்குப் பிறகும் யாருக்குப் போட்டேன் என்று என் மனுசிக்கே சொன்னதில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

ஒஹையோவில் இருந்தவனுக்கு அரசியல்வாதிகளைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்துப் பழக்கம். 1964 தொடக்கம் 2016 வரை ஒஹையோ யாருக்கு விழுந்ததோ அவரே ஜனாதிபதி. அதனால் நாலு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் ரோட்டோரக் கடைகளில் சேட்டுக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு ஆட்கள் வந்திறங்குவார்கள். கோப்பி குடிப்பார்கள், பரிமாறுகிற பெண்ணின் தோளில் கை போட்டுப் படம் எடுப்பார்கள், குழந்தையைத் தூக்குவார்கள். அடுத்த நாள் அதே மடிப்பு, அதே சிரிப்பு, வேறு கடை. இரண்டு கட்சியும்தான்.

இதை ஒருநாள் இந்தக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைக்காரத் தங்கச்சி அடுப்படியிலிருந்து வந்து, காசுப் பெட்டிக்குக் கீழிருந்து ஒரு கொப்பியை எடுத்து என் முன்னால் போட்டார். ஒற்றை றூள் பாடசாலைக் கொப்பி. முதல் பக்கத்தில் ஒரு திகதி, அதன் கீழே: பால் தேத்தண்ணி 16, வடை 22, தண்ணிப் போத்தல் 3. கூட்டித் தொகை போட்டு அடியில் இரண்டு கோடு. மற்றப் பக்கமெல்லாம் வெறுமை.

"இதென்ன தங்கச்சி?"

"போன தேர்தலுக்கு வந்தவை அண்ணை. குடிச்சினம், திண்டினம், என்னோட நிண்டு போட்டோ எடுத்தினம். காசு குடுக்கிறது மற்ற ஆள் எண்டு ஆளாளுக்கு நினைச்சிட்டினம் போல. இந்தக் கடையில கிடக்கிற ஒரே கடன் இதுதான்."

எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று பேச்சு கடனிலேயே நின்றது. ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்ரர் ஒருவர் தினமும் வருவார், அமெரிக்காவின் கடன் எவ்வளவு என்று என்னிடம் கேட்டார். 2024 முடிவில் 36 ட்ரில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது என்றேன். மாஸ்ரர் பேப்பரின் ஓரத்தில் சைபர் போட்டுப் பார்த்தார். ஒரு ட்ரில்லியன் ஒரு லட்சம் கோடி, ஆக 36 லட்சம் கோடி டொலர், 34 கோடி சனத்துக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு லட்சம் டொலருக்கு மேல், பால்குடிப் பிள்ளை உட்பட. கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "2022இல நாங்கள் வாங்கினதைக் கட்டேலாது எண்டு சொன்ன உடன பெற்றோலும் இல்லை, காஸும் இல்லை. உங்கட ஆக்களுக்கு மட்டும் ஏன் ஒண்டும் நடக்கேல்லை?" உலகம் முழுக்கக் கையிருப்பை டொலரில்தான் வைத்திருக்கிறது, அவர்களே அச்சடிக்கிறார்கள் என்று ஏதோ விளக்கினேன். அவருக்குத் திருப்தியில்லை. எனக்கும் இல்லை.

பழமைவாதி நான் இதில் வெட்கப்பட்டே ஆகவேண்டும். அமெரிக்கா கடைசியாக வரவு மிஞ்சின வருடங்கள் 1998 முதல் 2001 வரையான நாலுதான். ஜனாதிபதி ஜனநாயகக் கட்சி கிளின்டன், காங்கிரஸ், அதாவது அவர்களின் பாராளுமன்றம், எங்கள் குடியரசுக் கட்சியின் கையில், இரண்டு பேரும் நாயும் பூனையுமாகக் கிடந்த காலம். ஒருத்தரை ஒருத்தர் செலவழிக்க விடாமல் பிடித்ததில் கொஞ்சம் மிஞ்சியதோ என்றுதான் நான் நினைக்கிறேன், பொருளாதாரம் படித்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். அப்போது மொத்தக் கடன் ஆறு ட்ரில்லியனுக்கும் குறைவு. பிறகு மகன் புஷ் வந்தார், நான் இரண்டு தரமும் அவருக்குத்தான் போட்டேன். வரியைக் குறைத்தார்கள், இரண்டு யுத்தம் தொடங்கினார்கள், 2003இல் ஈராக்கில் இருக்கிறது என்ற பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை, 2008இல் வங்கிகளைத் தூக்கி நிறுத்த 700 பில்லியன் ஒதுக்கினார்கள். சின்ன அரசாங்கம் கேட்டு நான் போட்ட வாக்குகள் இவை.

மாஸ்ரருக்கு மிகவும் பிடித்த கதை வேறு. காங்கிரஸ் உறுப்பினர் தங்கள் சம்பளத்தைத் தாங்களே கூட்டினால், இடையில் ஒரு தேர்தல் நடந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரவேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்புக்கு ஒரு திருத்தம், மாநிலங்கள் ஏற்றால்தான் செல்லும். 1789இல் முன்வைத்தது, கிடப்பில் போய்விட்டது. 1873இல் காங்கிரஸ்காரர் பழைய திகதியிட்டுச் சம்பளத்தைக் கூட்டிக்கொண்டபோது அந்த எரிச்சலில் எங்கள் ஒஹையோ அதைத் தூசி தட்டி ஆதரித்தது, மறுபடி தூக்கம். 1982இல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் இது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார், கிடைத்த புள்ளி "சி". மனிதர் விடவில்லை. மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதி எழுதி 1992இல் அரசியலமைப்பின் 27ஆவது திருத்தமாக்கினார். 203 வருடம். 2017இல் பல்கலைக்கழகம் அந்தப் புள்ளியை "ஏ" ஆக மாற்றியது. "புள்ளி போட்ட ஆளின்ர நிலைமையை யோசிச்சுப் பாருங்கோ" என்று சொல்லிச் சொல்லி மாஸ்ரர் சிரித்ததில் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. அவர் முப்பது வருடம் புள்ளி போட்டவர்.

ஓட்டோக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய மகள் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். 2025 ஏப்ரலில் ட்ரம்ப் இலங்கைச் சாமானுக்கு 44 வீத வரி என்று அட்டையைத் தூக்கிக் காட்டினதிலிருந்து அவர் என்னைத்தான் முறைக்கிறார், நான்தான் கையெழுத்து வைத்தேன் என்பதுபோல. இலங்கை ஏற்றுமதியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது, பெரும்பாலும் உடுப்பு. பிறகு 30 ஆகி, ஓகஸ்டில் 20 ஆகக் குறைந்தது, முறைப்பு மட்டும் குறையவில்லை. றீகன் காலத்தில் எங்களுக்குச் சுதந்திர வர்த்தகம்தான் வேதம். அதே கட்சி இன்று இறக்குமதி வரியை வேதம் என்கிறது. நான் எதை நம்பிச் சேர்ந்தேனோ அதை அவர்கள் கழற்றி வைத்துவிட்டார்கள், நான் இன்னும் அதே சேட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

ஆனால் எனக்கு உறைத்தது வேறு ஒரு நாள். தங்கச்சியின் பெறாமகள் லீவில் வந்திருந்தாள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற வேலை. வெயிலில் தலைக்கவசமும் முகமறைப்பும் போட்டு, முழங்காலில் நின்று, மண்ணை விரல் அளவு விரல் அளவாகச் சுரண்டுவது. ஒரு நாள் முழுக்கச் சுரண்டினால் எவ்வளவு இடம் வரும் என்று கேட்டேன். நான் இருந்த வாங்கைக் காட்டி, அதுபோல இத்தனை என்று விரல் விட்டு எண்ணினாள், ஒரு கை விரலே போதுமாயிருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை 90 நாள் நிறுத்தினபோது அவளும் சில வாரம் வீட்டில் இருந்தவளாம். முகமாலையில் சிவப்புப் பலகை நட்ட காணிகளுக்குள் மண் சுரண்டுவதற்கு அமெரிக்கக் காசும் பல வருடமாக வந்திருக்கிறது. வெளிநாட்டு உதவியை வெட்டு என்று முப்பது வருடம் ஒஹையோவில் இருந்து கத்தினவர்களில் நானும் ஒருத்தன். அது மத்திய அரசுச் செலவில் நூற்றில் ஒரு பங்கு மட்டில்தான் என்பது அப்போதும் எனக்குத் தெரியும், ஆனாலும் கத்தினேன், கத்துவதற்குச் சுகமாக இருந்தது. அவளிடம் இதைச் சொல்லவில்லை. பனங்கட்டியை மென்றுகொண்டிருந்தேன். உதவி செய்வது அரசாங்கத்தின் வேலையா என்ற கேள்விக்கு என் பதில் இன்றும் மாறவில்லை, ஆனால் இந்த வாங்கில் இருந்துகொண்டு அதைச் சத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை.

போன கிழமை வெளிக்கிடும்போது அந்தக் கொப்பிக் கடனை நான் கட்டிவிடுகிறேன் என்றேன். நல்ல எண்ணத்தில்தான். தங்கச்சி விடவில்லை. "நீங்கள் ஏன் அண்ணை கட்டவேணும்? குடிச்சது அவை. அடுத்த தேர்தலுக்கு வருவினம்தானே." 2008இல் வங்கிகளைத் தூக்கி நிறுத்தினபோது என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மிச்சக் காசு நாற்பது ரூபாயை எண்ணி மேசையில் வைத்துவிட்டுக் கொப்பியைத் திரும்பப் பெட்டிக்குக் கீழே தள்ளினார்.

கடை காலை ஐந்தரைக்குத் திறக்கும், பின்னேரம் ஆறு மணிக்குப் பூட்டு. வெள்ளி அரை நாள். தயிர் வேண்டுமானால் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால் போங்கள், சில்லறைக் காசு கொண்டுபோங்கள், ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் தங்கச்சியின் முகம் மாறும்.