உலக நிலவர பெயர்ச்சிப் பலன் சந்தா: ஒரு வருஷம் காசு கட்டிப் படிச்சவன் எழுதறது

சர்வீஸ் பேரை வேணும்னேதான் போடல. இதே மாதிரி நாலஞ்சு ஓடிட்டு இருக்கு, எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி, நீங்க எதுல சேர்ந்திருந்தாலும் கீழ எழுதியிருக்கறதுல பாதியாவது பொருந்தும்.

முதல்ல இது என்னன்னு சொல்லிடறேன். உங்க ராசிக்கு கல்யாணம் எப்ப, வேலை எப்பன்னு சொல்ற பலன் இல்ல. மேதினி ஜோதிடம்னு சொல்வாங்களே, நாடு, ஆட்சி, விலைவாசி, போர், மழை, பங்குச்சந்தை, அது. மாசம் ஒரு பிடிஎஃப், வாரம் ஒரு ஆடியோ, ஒரு ஆப், பெரிய பெயர்ச்சி வந்தா ஒரு லைவ். என் அத்தை பையன் ட்ரேடிங் பண்றவன், அவன்தான் "மாமா, நியூஸ் சேனல் பார்க்கறதை விட இது பெட்டர்"னு உசுப்பேத்தி விட்டான், 2025 மார்ச்ல, சனி மீனத்துக்குப் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு வருஷ சந்தா கட்டினேன். நான் ஜோசியத்தை கிண்டல் பண்ற ஆள் கிடையாது, பஞ்சாங்கம் புரட்டற வீட்லதான் வளர்ந்தேன், அதனால இதை எரிச்சல்ல எழுதறதா நினைக்காதீங்க. எரிச்சல் பின்னாடி வரும்.

ஆப் நிஜமாவே சூப்பர். ராசிக் கட்டத்துக்குக் கீழ ஒரு பட்டை இருக்கு, அதை விரலால தள்ளினா வருஷம் ஓடும், கிரகமெல்லாம் கட்டம் விட்டு கட்டம் நகரும், ராகு கேது மட்டும் பின்னாடியே போகும். நான் முதல்ல தள்ளிப் பார்த்தது 2020 டிசம்பர் 21. அன்னைக்கு சாயங்காலம் மொட்டை மாடியில நின்னு குருவும் சனியும் ஒட்டிக்கிட்டு நின்னதை வெறும் கண்ணால பார்த்தவன் நான், ரெண்டுக்கும் நடுவுல 0.1 பாகைதான், 1623க்கு அப்புறம் அவ்வளவு நெருக்கம் அன்னைக்குத்தான். ஆப்ல மகரம் 6 பாகையில ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு ஏறி உக்காந்திருந்துச்சு. வேற ரெண்டு மென்பொருள்ல போட்டுப் பார்த்தேன், கலை (பாகையில அறுபதுல ஒரு பங்கு) சுத்தமா ஒத்துப்போச்சு. கணிதத்துல குறையே சொல்ல முடியாது. சனி ஒரு சுத்து வர சுமார் 29.5 வருஷம், குரு 12க்குக் கொஞ்சம் கம்மி, அதனால 20 வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டும் சந்திக்கும், இதையெல்லாம் படம் போட்டுக் காட்டற அழகுக்கே என் பொண்ணு அரை மணி நேரம் போனை பிடுங்கி வச்சுக்கிட்டா.

பிரச்சனை எல்லாம் கணிதத்தைத் தாண்டி பலனுக்குள்ள கால் வைக்கற இடத்துலதான்.

முதல் மாசமே என்னை மடக்கிட்டாங்க, அதை ஒத்துக்கணும். 2025 மார்ச் 29ல சனி மீனத்துக்கு வந்தார், அன்னைக்கே சூரிய கிரகணம், மீனத்துல ஆறு கிரகம். ரிப்போர்ட்ல "நாடுகளுக்கு இடையிலான வணிகத்தில் பெரும் சலனம், இதன் தாக்கம் நீண்டகாலம் நீடிக்கும்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. ஏப்ரல் 2 ட்ரம்ப் இறக்குமதி வரியை அறிவிச்சார், 3, 4 ரெண்டே நாள்ல அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீடு எஸ் அண்ட் பி 500 பத்து சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு, அத்தை பையன் போன் போட்டு "பார்த்தியா மாமா"ன்னு கத்தறான், எனக்கும் முடி சிலிர்த்துப் போச்சு, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் கழிச்சுதான் மண்டையில ஏறுச்சு, ஏப்ரல் 2ன்னு தேதியையே அவர் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாரே, பேப்பர் படிக்கற யாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே அது. அடுத்து ஏப்ரல் 9 தொண்ணூறு நாள் நிறுத்தி வைக்கறேன்னார், சந்தை ஒரே நாள்ல 9.5 சதவீதம் ஏறுச்சு. நீண்டகாலம் நீடிக்கும்னு சொன்னவங்க அந்த வார ஆடியோல இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, மீனத்துல கலைக்கான கிரகம் சுக்கிரன் உச்சம்னு சினிமாவுக்குப் போயிட்டாங்க.

அன்னைக்குத்தான் ஒரு நோட்டு எடுத்தேன். பிடிஎஃப் வந்த உடனே ஒவ்வொரு வரியையும் எழுதி வைக்கறது, மாசக் கடைசியில எதிர்ல என்ன நடந்துச்சுன்னு எழுதறது, அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல ஒரு விஷயம் பளிச்சுனு தெரிஞ்சுது. "சில நாடுகளில் ஆட்சியாளர்களுக்கு நெருக்கடி." "நீர் சார்ந்த இடர்கள் தோன்றலாம்." "வங்கித் துறையில் கவனம் தேவை." இதெல்லாம் நடக்காத மாசம்னு ஒன்னு உலகத்துல இருக்கா சொல்லுங்க? இருநூறு நாட்டுக்குப் பக்கம் இருக்கு, எங்கயாவது ஒருத்தன் நாற்காலி ஆடிட்டுதான் இருக்கும். நாடு பேரும் தேதியும் போட்டு, நடக்கலன்னா தப்புன்னு சொல்ற மாதிரி இருந்த வரிகளைத் தனியா வட்டம் போட்டேன், பன்னிரண்டு மாசத்துலயும் சேர்த்து ரெண்டு கை விரல் போதும்.

அதுல ஒன்னைப் பத்தி விரிவா சொல்லணும், ஏன்னா சந்தாவோட சாயம் வெளுத்தது அங்கதான்.

தங்கம். குருதான் பொன்னுக்குக் காரகன், அதாவது பொன்னைக் குறிக்கற கிரகம், அவருக்கே பொன்னன்னு ஒரு பேர் இருக்கு. 2025 அக்டோபர் 18 குரு அதிசாரமா, அதாவது வழக்கத்தை விட வேகமா, கடகத்துக்குப் போறார், கடகம் அவருக்கு உச்ச வீடு, பலம் ஜாஸ்தி, டிசம்பர் 5 வரைக்கும் அங்க, அப்புறம் வக்கிரத்துல (பின்னோக்கி நகர்ந்து) மிதுனத்துக்குத் திரும்பறார். அக்டோபர் ரிப்போர்ட் பக்கம் 7ல "குரு உச்சம் பெறும் 18ஆம் தேதி முதல் தங்கம் தடையின்றி ஏறும், டிசம்பர் முதல் வாரத்துக்குப் பின் தளரும்". பாராட்டணும், இந்த ஒரு தடவை ஆம்பளைத்தனமா தேதி போட்டாங்க. அந்த மாச ஆரம்பத்துலயே தங்கம் அவுன்ஸுக்கு 4000 டாலர் தாண்டியிருந்துச்சு, ஏறிட்டு இருக்கற குதிரை மேல பணம் கட்டற மாதிரிதான். 18ம் தேதி வந்துச்சு. 21ம் தேதி தங்கம் ஒரே நாள்ல 5 சதவீதத்துக்கு மேல சரிஞ்சுது, பல வருஷத்துல இல்லாத சரிவு. குரு உச்சத்துக்குப் போய் மூணாவது நாள்! சரி, தளரும்னு சொன்ன டிசம்பர்ல? குரு மிதுனத்துக்குத் திரும்பிட்டார், தங்கம் புதுசா இன்னொரு உச்சத்துக்குப் போச்சு. ரெண்டு தேதியிலயும் தப்பு. அத்தை பையன் எவ்வளவு விட்டான்னு கேட்டா இன்னும் பதில் இல்ல.

தப்பு யாருக்கும் வரும், வானிலைக்காரங்களுக்கும் வருது, அதுக்காக நான் ஒரு ஸ்டார் குறைக்க மாட்டேன். ஆனா ஜனவரியில ஆப்ல பழைய அக்டோபர் ரிப்போர்ட்டை மறுபடி திறந்தேன் பாருங்க. பக்கம் 7. "குரு உச்சம் பெறும் காலத்தில் தங்கம் பெரும் ஏற்ற இறக்கங்களைச் சந்திக்கும்." என் போன்ல முன்னாடி இறக்கி வச்ச பிடிஎஃப்ல வேற, ஆப்ல இருக்கறது வேற. ரெண்டையும் பக்கத்துல வச்சு எழுத்துக்கு எழுத்து பார்த்தேன், அந்தப் பக்கத்துல அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் மாறியிருக்கு, மேல தேதி அதே அக்டோபர் 1. கஸ்டமர் கேர்ல கேட்டா, "வணக்கம் சார், எழுத்துப்பிழை திருத்தப்பட்ட பதிப்பு சார்"னு பதில். தடையின்றி ஏறும்ங்கறது எழுத்துப்பிழையாம். ரெண்டு ஸ்க்ரீன்ஷாட்டும் அனுப்பினேன், ஆசிரியர் குழுவுக்கு அனுப்பியிருக்கோம்னாங்க, அவ்வளவுதான், இன்னைக்கு வரைக்கும் ஒரு சத்தமும் இல்ல.

இன்னொரு கோளாறு, இதை நிறைய பேர் கவனிக்க மாட்டாங்க. ஒரே பக்கத்துல "சனி மீனத்தில்"ன்னும் "புளூட்டோ கும்பத்தில், ஆகவே ஏஐ புரட்சி, மக்கள் கைக்கு அதிகாரம்"னும் எழுதறாங்க. சனி மீனம்ங்கறது நம்ம நிராயன கணக்கு, நட்சத்திரங்களை வச்சு ராசியை அளக்கறது. புளூட்டோ கும்பம்ங்கறது மேல்நாட்டு சாயன கணக்கு, மார்ச்ல பகலும் இரவும் சமமா வர்ற இடத்துலருந்து அளக்கறது. ரெண்டுக்கும் நடுவுல அயனாம்சம்னு சுமார் 24 பாகை வித்தியாசம், நம்ம கணக்குல புளூட்டோ இன்னும் மகரத்துலதான் உக்காந்திருக்கு, மேல்நாட்டு கணக்குல போனா சனி 2025 மே கடைசியிலயே மேஷத்தை எட்டிப் பார்த்துட்டார். ஒன்னு இந்த முழக்கோல்ல அளங்க, இல்ல அந்த முழக்கோல்ல அளங்க, துணிக்கு ஏத்த மாதிரி கோலை மாத்தினா எப்படி. 2020 குரு சனி சேர்க்கையையும் "காற்று ராசி யுகம் தொடங்கியது, இனி 200 வருடம் டிஜிட்டல் பொருளாதாரம்"னு எழுதியிருக்காங்க, மேல்நாட்டு கணக்குல அது கும்பத்துல, கும்பம் காற்று ராசி சரி, ஆனா அவங்க ஆப்லயே அன்னைக்கு ரெண்டும் மகரத்துல நிக்குதே, மகரம் நில ராசியாச்சே! இதையும் கேட்டேன். பதில் இல்ல.

பழைய சூத்திரத்துல போடற வாக்கியப் பஞ்சாங்கம், வானத்துல கிரகம் நிக்கற இடத்தோட ஒத்துப்போற திருக்கணிதம், இந்த ரெண்டுக்கும் நடக்கற சண்டை உங்களுக்கே தெரியும். சனி மீனத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. கிட்டத்தட்ட ஒரு வருஷம் இடைவெளி. இவங்க "வாசகர் வசதிக்காக இரண்டும்" தராங்க, அதாவது ஒரே பலனை ரெண்டு தடவை விக்கறாங்க, முதல் தடவை நடக்கலன்னா ரெண்டாவது தேதி கையில இருக்கு. நடுவுல சனி வக்கிரம், வக்கிர நிவர்த்தி, கிரகணம், எல்லாத்துக்கும் முன்னும் பின்னும் ஆறு மாசம் தாக்கம்னு வேற சொல்றாங்க. காலண்டர்ல காலியா ஒரு நாள் கூட மிச்சம் இல்ல.

வரலாறு பகுதினு ஒன்னு இருக்கு, படிக்க செம சுவாரசியம், ஆனா ஜெயிச்ச மேட்ச் மட்டும்தான் போடுவாங்க. சனி புளூட்டோ சேர்க்கை 1914 உலகப்போர், 1947 பிரிவினை, 2020 ஜனவரி கொரோனா. 1982 நவம்பர்லயும் அதே சேர்க்கை வந்துச்சே, அதுக்கு "பொருளாதார மந்தம்"னு ஒரே வரி. அமெரிக்காவுல அந்த மந்தம் முடிஞ்சதே அந்த நவம்பர்லதான், பங்குச்சந்தை ஆகஸ்ட்லயே ஏற ஆரம்பிச்சிடுச்சு. 1914லயும் போர் ஜூலையில தொடங்கிடுச்சு, சேர்க்கை அக்டோபர்ல, விளைவு முந்தி, காரணம் பிந்தி. 1929 வீழ்ச்சி, 1939 போர், அப்பெல்லாம் இந்த சேர்க்கையே கிடையாது, அதனால அந்தப் பேச்சே இல்ல.

தோத்த மேட்ச் எல்லாம் எங்கன்னு கேட்டா, நானே தேடிப் படிச்சேன். 1186 செப்டம்பர்ல துலாத்துல கிரகமெல்லாம் கூடுது, புயலும் பூகம்பமும் வரும்னு ஐரோப்பா பூரா கடிதம் சுத்தியிருக்கு, ஒன்னும் நடக்கல. 1524 பிப்ரவரியில மீனத்துல கூட்டம், பிரளயம்னு ஏகப்பட்ட சின்னப் புத்தகங்கள் அச்சடிச்சுப் பயமுறுத்தினாங்க, பிரளயம் வரல. நம்ம தாத்தா காலத்துல 1962 பிப்ரவரி 3லருந்து 5 வரைக்கும் மகரத்துல அஷ்டகிரக சேர்க்கை, நாடு முழுக்க யாகம், பூஜை, உலகம் அழியப் போகுதுன்னு பயம், எங்க தாத்தா அந்த மூணு நாளும் கடையைத் திறக்கலையாம். 6ம் தேதி வழக்கம்போல விடிஞ்சுது. இதை லைவ்ல ஒருத்தர் கேட்டதுக்கு "ஏன், அந்த வருஷம்தானே சீனப் போர் வந்துச்சு"ன்னு மடக்கினாங்க. போர் அக்டோபர்ல சார், எட்டு மாசம் தள்ளி. காக்கா பிப்ரவரியில உக்காந்துச்சு, பனம்பழம் அக்டோபர்ல விழுந்துச்சு.

வானத்தையும் சந்தையையும் இணைக்கறதே முட்டாள்தனம்னு நான் சொல்ல வரல. வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டுலயே கிரக நிலையை வச்சு தானிய விலை ஏறுமா இறங்குமான்னு எழுதியிருக்கார், விவசாயத்தை நம்பின காலத்துல அந்தக் கவலை நியாயம். 1870கள்ல வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ்னு பெரிய பொருளாதார அறிஞர், சூரியன் மேல கருப்பா தெரியற சூரியப் புள்ளிகளோட சுழற்சியையும் வணிக நெருக்கடிகளோட இடைவெளியையும் பக்கத்துல வச்சு, ரெண்டும் பத்தரை வருஷத்துக்குப் பக்கம், சூரியன் மழையை மாத்துது, மழை விளைச்சலை மாத்துது, விளைச்சல் வியாபாரத்தை மாத்துதுன்னு வாதாடினார். அப்புறம் சூரியப் புள்ளி சுழற்சி சுமார் 11 வருஷம்ங்கற கணக்குதான் நிலைச்சுது, பொருத்தம் உடைஞ்சு போச்சு. ஆனா மனுஷன் நம்பரை மேசையில வச்சார், அதனாலதான் அது தப்புன்னு அடுத்தவங்களால சொல்ல முடிஞ்சுது. இவங்க மேசையையே காட்டறதில்ல.

ஆடியோ பத்தி சொல்ல மறந்துட்டேன். நல்ல குரல், பத்து நிமிஷம், காலையில நடக்கறப்ப கேட்கலாம், உலக நிலவரம் ஓரளவு தெரியும். அது ஒன்னுக்காகத்தான் நடுவுல நிறுத்தாம இருந்தேன். ஆப்புக்கு 5க்கு 4, பலனுக்கு 1, பழைய ரிப்போர்ட்டைத் திருட்டுத்தனமா திருத்தினதுக்கு மைனஸ் போட வழியில்ல, இருந்தா போட்டிருப்பேன்.

போன வாரம் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்துச்சு, "ஜூன் 2 குரு மீண்டும் கடகத்தில் உச்சம், சலுகை அதற்கு முன் மட்டும்"னு. நான் கட்டப் போறதில்ல. சந்தா வச்சிருக்கறவங்க யாராவது ஜூன் ரிப்போர்ட் வந்த உடனே தங்கத்தைப் பத்தின பக்கத்தை மட்டும் இறக்கி வச்சுக்கங்க, ஆப்ல பார்த்துக்கலாம்னு விட்டுடாதீங்க. டிசம்பர்ல கமெண்ட்ல போடுங்க, என்கிட்ட நோட்டு இருக்கு, பக்கத்துல வச்சுப் பார்ப்போம்.