கடலூர் கடற்கரைக் குதிரை முகாம்: நன்கொடை கொடுக்கலாமா?

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சவாரிக் குதிரைகளுக்கு நன்கொடைப் பணத்தில் நடக்கும் இலவச மருத்துவ முகாம் இது. தாராளமாகக் கொடுக்கலாம்.

மணல் தரையில் தீனி போட்டால் குதிரை மணலையும் சேர்த்துத் தின்னும். அது பெருங்குடலில் தங்கி வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். இங்கே குதிரையின் புதுச் சாணத்தை நீளக் கையுறைக்குள் போட்டு, தண்ணீர் விட்டுக் கரைத்துத் தொங்கவிடுகிறார்கள். மணல் இருந்தால், கொஞ்ச நேரத்தில் கையுறையின் விரல் நுனிகளில் படிகிறது. படியாவிட்டால் வயிற்றில் மணலே இல்லை என்று அர்த்தமல்ல. அதையும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். மணலை வெளியேற்றக் கொடுக்கும் இசப்கோல் உமி இலவசம். அதைவிட, தீனித்தொட்டி வாங்கித் தந்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியும் உண்டு. லாட ஆணி தவறிக் குத்திவிடக்கூடும் என்பதால் குதிரைக்கு அது கட்டாயம்.

குறை குளம்பில். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். முகாமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். அதற்குள் குளம்பின் முன்பகுதி நீண்டு, நடையே கோணிவிடும். பணம் கொடுக்கும்போது 'லாடக்காரர் கூலிக்கு' என்று குறித்தே கொடுங்கள்.

ரசீது ஒழுங்காக வருகிறது. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி) கிடையாது. வங்கி வழியாக அனுப்புங்கள். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படியும் அந்தச் சலுகை இல்லை.