பாட்டில், கேன், வீட்டு ஆர்ஓ: ஈயமும் ஆர்சனிக்கும் எதில் குறைவு?

சென்னையில் குடிக்கிற தண்ணீர் பெரும்பாலும் கடை பாட்டில், 20 லிட்டர் கேன், வீட்டு ஆர்ஓ இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கிருமிக்குப் பயந்து தேர்ந்தெடுக்கிறோம் சரி, உலோகக் கலப்பை யாரும் கேட்பதே இல்லை.

முதலில் பாட்டில். பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கின் தயாரிப்பில் ஆன்டிமனி என்ற உலோகம் சேர்கிறது, சூடு ஏறினால் அது தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2008 ஆய்வில், அமெரிக்க வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்ட 60 டிகிரியில் மாதக்கணக்கானது, 80 டிகிரியில் இரண்டு மூன்று நாளே போதுமாக இருந்தது. அதனால் நிழலில் இருந்த பாட்டிலுக்குப் பயப்பட வேண்டாம். கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருப்பதையும் காரிலேயே கிடந்ததையும் தவிர்த்துவிடுங்கள்.

கேனில் என் கவலை வேறு. பாலிகார்பனேட் கேனில் ஆன்டிமனி பிரச்சினை இல்லை, ஆனால் உள்ளே இருப்பது எந்த ஊர் போர்வெல் தண்ணீர், அந்த பிளான்ட்டில் மெம்பிரேனை, அதாவது உப்பையும் உலோகத்தையும் வடிகட்டும் சவ்வை, எப்போது மாற்றினார்கள் என்பது நமக்குத் தெரியாது. அடைத்து விற்கும் குடிநீருக்கான ஐஎஸ் 14543 என்ற இந்தியத் தரப்படி லிட்டருக்கு ஈயம் 0.01 மி.கி., காட்மியம் 0.003 மி.கி.தான் இருக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதியை 2024 அக்டோபரில் விலக்கிவிட்டார்கள். லேபிளே இல்லாத கேனை வாங்கவே வாங்காதீர்கள்.

தண்ணீர் விற்பவர்கள் டிடிஎஸ் மீட்டரை முக்கி “பாருங்க சார், 40தான்” என்று காட்டுவார்கள். அது மொத்த உப்பை மில்லிகிராமில் சொல்லும் கருவி, ஈயம் வரம்பைவிடப் பத்து மடங்கு இருந்தாலும் அதில் தெரியாது. கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

என் ஓட்டு வீட்டு ஆர்ஓவுக்கு. தண்ணீர் நிறைய வீணாகிறது, ஆர்சனிக்கின் ஒரு வகை கொஞ்சம் நழுவியும் விடும், ஆனாலும் ஈயத்தையும் காட்மியத்தையும் பெருமளவு தடுக்கிறது, மெம்பிரேனை எப்போது மாற்றுவது என்பதும் நம் கையில் இருக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆர்சனிக் வருடக்கணக்கில் உள்ளே போனால் தோல் பாதிப்பும் புற்றுநோயும் வரலாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது குழந்தையின் மூளை வளர்ச்சியையே தொடுகிறது.

அதனால் கைக்குழந்தைக்குப் பவுடர் பால் கலக்கும் வீடாக இருந்தால், எந்தத் தண்ணீரானாலும் என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். ஈயம், ஆர்சனிக், காட்மியம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், சாதாரண ரிப்போர்ட்டில் பெரும்பாலும் அவை இருக்காது.