கடைசி செமஸ்டர் பறவை ப்ராஜெக்ட்: கோடியக்கரையா, வடுவூரா, வயலா?

டெல்டாவில் விலங்கியல் இளங்கலை படிக்கும் மாணவர் பறவை நடத்தையை ப்ராஜெக்டாக எடுத்தால் கையில் இருப்பது டிசம்பர் முதல் மார்ச் வரைதான்.

கோடியக்கரையில் பூநாரையும் உள்ளான்களும் வந்து தங்கியிருக்கும் மாதங்கள் அவை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவையின் காலில் அடையாள வளையமிடும் வேலையையும் அங்கே பார்க்கலாம். கற்றுக்கொள்ள அதற்கு இணையான இடம் டெல்டாவில் இல்லை. ஆனால் சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972 வனவுயிர்ச் சட்டம் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கல்லூரியின் கடிதம் ஜூன், ஜூலையிலேயே போய்விடுவது நல்லது. சேற்றுவெளியில் பறவைகள் வெகு தொலைவில் நிற்பதால் பைனாகுலர் போதாது, முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஸ்கோப் தேவை. வெயில் ஏறியதும் கானல் ஆடும். பறவை இரை கொத்துகிறதா, இறகு கோதுகிறதா என்று பிரித்தறிய முடியாது.

வடுவூர் ஏரிக்கு தஞ்சாவூர்–மன்னார்குடி பஸ் போதும். அனுமதி விஷயம் இங்கும் அதேதான். கரையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டம் முழுவதையும் பார்த்து, எத்தனை மேய்கின்றன, எத்தனை தூங்குகின்றன என்று குறிக்கலாம். வாத்துகளை மட்டும் எடுக்காதீர்கள். பல இனங்கள் இரவில்தான் இரை தேடும். பகல் அட்டவணை முழுக்க 'ஓய்வு' என்றே நிரம்பும்.

எங்கள் பரிந்துரை வயல்தான். சரணாலயத்துக்கு வெளியே பறவையைத் தொடாமல், பிடிக்காமல் பார்ப்பதற்கு நிலத்துக்காரர் சம்மதம் போதும். ஜனவரி, பிப்ரவரி சம்பா அறுவடையில் மெஷினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் திரளும். மாட்டோடு மேயும் உண்ணிக்கொக்கு தனியாக மேய்வதைவிடக் குறைந்த நடையில் அதிக இரை பிடிக்கும் என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். மெஷின் அதே வேலையைச் செய்கிறதா? இளங்கலைக்கு அளவான நல்ல கேள்வி இது.

மெஷின், மாடு, தனி என மூன்று நிலை. ஒவ்வொன்றிலும் 30 பறவை, ஒரு பறவைக்கு 5 நிமிடம். போனில் ஆடியோ ஓடவிட்டு 'அடி' (எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும்), 'கொத்து', 'விழுங்கு' என்று சொல்லிக்கொண்டே போங்கள். கண் பறவையை விட்டு விலகாது. மெஷின் இரைச்சலில் குரல் அமுங்கும், இயர்போன் மைக்கை வாயருகே வையுங்கள்.

பிழை வரும் இடம் பறவையைத் தேர்வதில். சுறுசுறுப்பாகக் கொத்தும் கொக்கின்மேல்தான் கண் போகும். அதனால் 'இடமிருந்து மூன்றாவது' போல முன்பே விதி வகுத்துக்கொள்ளுங்கள். வரப்புக்குப் பின்னால் மறைந்த பறவையின் பதிவைத் தூக்கிப் போடக்கூடாது: அதிகம் நடக்கும் பறவைதான் அதிகம் மறையும், அவற்றை விட்டால் சராசரி அடி எண்ணிக்கை இறங்கிவிடும். பார்த்த நொடிகளைக் குறித்து, நிமிடத்துக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். முப்பதும் ஒரே வயலில் எடுத்தால் அதே கொக்கே திரும்பத் திரும்ப வரும். ஆறு வயலுக்காவது பிரியுங்கள்.

உளுந்து விதை தெளித்த வயலில் மாட்டை விடமாட்டார்கள், அங்கே 'மாடு' நிலைக்குப் பதிவு கிடைக்காது. தெளிக்காத வயல் எது என்று பொங்கலுக்கு முன்பே ஊரில் கேட்டு வையுங்கள்.