அம்மாவுக்கு எழுதிக்குடுத்த செவலமர் 800 மாத்திரை பத்தி

வீட்ல கிட்னி பேஷண்ட் இருந்தா இத படிங்க. எல்லாரும் கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின மட்டும் பாத்துட்டு, சாப்பாட்டுல இருந்து வர்ற பாஸ்பேட்ங்கிற தாது உப்ப விட்றாங்க, ரத்தத்துல அது சாதாரணமா 2.5ல இருந்து 4.5 mg/dLக்குள்ள இருக்கணும், ஏறிட்டா ரத்தக்குழாய்ல கால்சியம் படியும், எலும்பு வீக் ஆகும், கிட்னி சீக்கிரமா கெட்டுப்போறதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கு.

இந்த மாத்திரை ரத்தத்துல கலக்காது, சாப்பாட்டுல இருக்க பாஸ்பேட்ட குடல்லயே பிடிச்சு மலத்தோட வெளிய தள்ளிடும், அதனால சாப்பாட்டோட போட்டா தான் வேலை செய்யும், வெறும் வயித்துல போட்டா வேஸ்ட். சைஸ் தான் கொடுமை, உடைக்கவோ மெல்லவோ கூடாது, ஈரம் பட்டா ஊத ஆரம்பிச்சிடும், அம்மா கண்ண இறுக்கி மூடிட்டு தான் முழுங்குறாங்க. பவுடராவும் வருது, கேட்டுப்பாருங்க. மலச்சிக்கலும் வந்துச்சு, தண்ணிக்கு வேற அளவு இருக்கிறதால ரொம்ப கஷ்டப்பட்டாங்க, டாக்டர் கிட்ட சொன்னப்புறம் பரவால்ல.

ஆனா அடுத்த டெஸ்ட்ல பாஸ்பேட் நல்லா இறங்கியிருந்துச்சு, ராத்திரி அரிப்பும் கம்மி, இப்ப தூங்குறாங்க. பாக்கெட் ஐட்டம் வாங்குறப்ப பின்னாடி பாஸ்பேட்னு போட்டிருக்கான்னு பாருங்க ப்ளீஸ், அப்படி சேக்குறது பெரும்பாலும் அப்படியே உடம்புல ஏறிடும், மாத்திரையால முழுசா ஈடு கட்ட முடியாது.